பெண்கள் உலகக் கோப்பை ஹாக்கி வரலாற்றில் இந்தியா: மாண்டெலியூ முதல் ராஞ்சி வரை

பெண்கள் உலகக் கோப்பை ஹாக்கி என்பது பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு நடத்தும் பெண்களுக்கான உலக வாகையர் போட்டி ஆகும். தமிழில் வளைகோல் பந்தாட்டம் என்றும் இவ்விளையாட்டு அழைக்கப்படுகிறது. முதல் தொடர் 1974ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் மாண்டெலியூ நகரில் நடந்தது. 2022 வரை பதினைந்து தொடர்கள் நடந்துள்ளன. 1986 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடத்தப்படுகிறது. நெதர்லாந்து ஒன்பது முறை கோப்பையை வென்றுள்ளது. செருமனி, ஆத்திரேலியா, அர்ஜென்டினா ஆகிய மூன்று நாடுகளும் தலா இரண்டு முறை வென்றுள்ளன.

இந்தியா இத்தொடரில் எட்டு முறை விளையாடியுள்ளது. அவற்றுள் மிகச் சிறந்த இடம் முதல் தொடரிலேயே பெற்ற நான்காம் இடம். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த இடத்தை இந்தியப் பெண்கள் தாண்டவில்லை. ஆண்கள் அணி 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்றதைப் பொது அறிவு வினாவாகப் படித்த மாணவர்கள்கூட, அதற்கு ஓராண்டு முன்பு பெண்கள் அணி உலகில் நான்காவதாக வந்ததை அறிந்திருப்பதில்லை. 2007இல் வெளிவந்த 'சக் தே! இந்தியா' என்ற இந்தித் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, இந்தியப் பெண்கள் உண்மையிலேயே உலகக் கோப்பையை வென்றதாக நம்புகிறவர்களும் உண்டு. அப்படத்தில் வரும் வெற்றி கற்பனை. உண்மையில் நடந்தது என்ன, நான்காம் இடத்தில் தொடங்கிய அணி பின்னர் ஏன் கீழே இறங்கியது, மீண்டும் எப்படி எழுந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெண்கள் ஹாக்கியின் தொடக்கம்

இன்றைய வடிவிலான ஹாக்கி 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவானது. பெண்களுக்கான முதல் சங்கங்களுள் ஒன்றான மோல்சி சங்கம் 1887இல் அங்கு தொடங்கப்பட்டது. 1895இல் இங்கிலாந்துப் பெண்கள் தமக்கெனத் தேசிய அமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர். ஆண்களின் அமைப்பு அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டதால், தமது ஆட்டத்தைத் தாமே நடத்துவது என்று அவர்கள் முடிவு செய்தனர். இந்த முடிவு பிற்கால வரலாறு முழுவதையும் பாதித்தது.

ஆண்கள் ஹாக்கி 1908 இலண்டன் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு 1924இல் பாரிசில் தோன்றியது. பெண்கள் 1927இல் தனியாக ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பை நிறுவினர். இந்தப் பெண்கள் கூட்டமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நாட்டில் மாநாடு கூட்டி, அதனுடன் நட்பு ஆட்டங்களையும் நடத்தியது. கோப்பை, பதக்கம், தரவரிசை ஆகியவை இருந்தால் ஆட்டத்தின் பண்பு கெடும் என்று அதன் நிருவாகிகள் கருதினர். எனவே நீண்ட காலம் அந்த ஆட்டங்களில் வாகையர் என்று எவரும் அறிவிக்கப்படவில்லை. 1953இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் நடந்த இத்தகைய கூடுகையில் இந்தியப் பெண்களும் விளையாடினர்.

ஆக, 1970களின் தொடக்கத்தில் பெண்கள் ஹாக்கிக்கு இரண்டு பன்னாட்டு அமைப்புகள் இருந்தன. ஆண்களுக்கான உலகக் கோப்பை 1971இல் பார்சிலோனாவில் தொடங்கியது. அதைத் தொடர்ந்து பெண்களுக்கும் ஓர் உலகக் கோப்பையைப் பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு அறிவித்தது. பெண்கள் கூட்டமைப்பைச் சார்ந்திருந்த பல நாடுகள் அதில் சேராமல் விலகி நின்றன. இரு அமைப்புகளும் 1982இல்தான் ஒன்றாக இணைந்தன.

இந்தியாவில் பெண்கள் ஹாக்கி

இந்தியாவில் பெண்கள் ஹாக்கியை முதலில் வளர்த்தவை கல்லூரிகள், மறைப்பணிப் பள்ளிகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், இரயில்வே ஆகியவை. தேசியப் போட்டியின் வெற்றிக் கோப்பை இரத்தன் டாடா சீமாட்டியின் பெயரைத் தாங்கியது. 1960களில் அக்கோப்பையைத் தொடர்ந்து பலமுறை வென்ற அணி மைசூர் மாநில அணி. பெங்களூரைச் சேர்ந்த எல்வெரா பிரிட்டோ அதன் தலைவராக இருந்தார். அவருடைய சகோதரிகள் ரீட்டா, மே ஆகியோரும் அதே அணியில் ஆடினர்.

அருச்சுனா விருது ஏற்படுத்தப்பட்ட 1961ஆம் ஆண்டிலேயே ஹாக்கி வீராங்கனை ஆன் லம்ஸ்டன் அவ்விருதைப் பெற்றார். 1965இல் எல்வெரா பிரிட்டோவும், 1973இல் ஒட்டிலியா மஸ்கரேனசும், 1974இல் அஜிந்தர் கவுரும், 1975இல் ரூபா சைனியும் அதைப் பெற்றனர். உலகக் கோப்பை தொடங்கும் முன்பே நாட்டில் தேர்ந்த வீராங்கனைகள் இருந்தனர் என்பதற்கு இப்பட்டியலே சான்று. அவர்கள் அனைவரும் இயற்கைப் புல்லிலும் மண்தரையிலும் ஆடிப் பழகியவர்கள்.

1974: மாண்டெலியூ

தென் பிரான்சில், கான் நகருக்கு அருகிலுள்ள கடற்கரை ஊர் மாண்டெலியூ. 1974 மார்ச்சு மாதம் அங்கு முதல் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. நெதர்லாந்து, அர்ஜென்டினா, மேற்கு செருமனி, இந்தியா, பெல்ஜியம், எசுப்பானியா, பிரான்சு, ஆசுத்திரியா, சுவிட்சர்லாந்து, மெக்சிகோ என்று பத்து அணிகள் கலந்துகொண்டன.

இந்திய அணி அரையிறுதி வரை முன்னேறியது. இறுதி ஆட்டத்துக்குச் செல்லும் வாய்ப்பு தவறியது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு செருமனியிடம் தோற்று நான்காம் இடம் பெற்றது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து 1-0 என்ற கோல் கணக்கில் அர்ஜென்டினாவை வென்று முதல் வாகையர் ஆனது.

இந்த நான்காம் இடத்தை மதிப்பிடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கிலாந்து, ஆத்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள் போன்ற வலுவான அணிகள் அத்தொடருக்கு வரவில்லை. எனவே இந்தியா அன்று உலகின் நான்காவது சிறந்த அணி என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் எசுப்பானியா, பெல்ஜியம், பிரான்சு போன்ற ஐரோப்பிய அணிகள் எல்லாம் இந்தியாவுக்குக் கீழேதான் இருந்தன. வெளிநாட்டு ஆட்ட அனுபவம் மிகக் குறைவாக இருந்த ஓர் அணிக்கு அது பெரிய சாதனை.

1976: ஆடுதளம் மாறியது

1976ஆம் ஆண்டு ஹாக்கி வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. அதற்குப் பிறகு முதன்மையான பன்னாட்டுப் போட்டிகள் ஒவ்வொன்றாகச் செயற்கைத் தரைக்கு மாறின.

இந்த மாற்றத்தின் பொருளை ஆடுகளத்தில் பந்து உருளும் விதத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். இயற்கைப் புல்லில் பந்து மேடு பள்ளத்தில் பட்டுத் திசை மாறும், வேகம் குறையும். பந்தைக் கோலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, எதிராளியை ஏமாற்றிக் கடந்து செல்லும் கைத்திறனுக்கு அங்கு மதிப்பு அதிகம். இந்திய ஆட்டத்தின் வலிமை அதுதான். செயற்கைத் தரையில் பந்து நேராகவும் வேகமாகவும் ஓடும். நீண்ட தூரம் துல்லியமாகப் பந்தைக் கடத்துவது, இடைவிடாமல் ஓடும் உடல் வலிமை, பெனால்டி கார்னரைக் கோலாக்கும் பயிற்சி ஆகியவை அங்கு முன்னுக்கு வந்தன.

திறமையுள்ளவர்கள் புதிய முறையைக் கற்றுக்கொள்ளலாம். கற்பதற்குத் தளம் வேண்டும். ஒரு செயற்கைத் தளம் அமைக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். அதன்மேல் நீர் தெளித்துப் பராமரிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிப்பையே மாற்ற வேண்டும். நெதர்லாந்து போன்ற சிறிய, செல்வம் மிக்க நாட்டில் உள்ளூர்ச் சங்கங்களிலேயே இத்தளங்கள் அமைந்தன. இந்தியாவில் பெருநகரங்களுக்கே அவை மெதுவாகத்தான் வந்தன. வந்த சில தளங்களிலும் ஆண்களுக்கே முதலிடம் கிடைத்தது. பள்ளிப் பருவம் முழுவதும் மண்ணில் ஆடிய ஒரு பெண், தேசிய முகாமுக்கு வந்த பிறகே செயற்கைத் தரையை முதன்முதலாக மிதிக்கும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

மாஸ்கோவில் நழுவிய பதக்கம்

பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1980இல் மாஸ்கோவில்தான். அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் ஆறு அணிகளே ஆடின. கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட சிம்பாப்வே தங்கம் வென்றது. செக்கோசுலோவாக்கியா வெள்ளியும், சோவியத் ஒன்றியம் வெண்கலமும் பெற்றன.

ரூபா சைனி தலைமையிலான இந்திய அணி ஆசுத்திரியாவையும் போலந்தையும் வென்றது. தங்கம் வென்ற சிம்பாப்வேயுடன் 1-1 என்று சமன் செய்தது. செக்கோசுலோவாக்கியாவிடம் 1-2 என்றும், சோவியத் ஒன்றியத்திடம் 1-3 என்றும் தோற்றது. இந்தியாவுக்கு 5 புள்ளிகள், சோவியத் ஒன்றியத்துக்கு 6 புள்ளிகள். சோவியத் அணியுடனான ஆட்டத்தைச் சமன் செய்திருந்தாலே வெண்கலம் இந்தியாவுக்கு வந்திருக்கும்.

அதே மாஸ்கோவில் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஆண்கள் அணி எசுப்பானியாவை 4-3 என்று வென்று தங்கம் பெற்றது. நாடு அந்தத் தங்கத்தைக் கொண்டாடியது முறையே. ஆனால் ஒரே ஒரு புள்ளியில் பதக்கத்தைத் தவறவிட்ட பெண்கள் அணியின் பெயர் அந்தக் கொண்டாட்டத்துக்குள் காணாமல் போயிற்று. அடுத்த ஒலிம்பிக் வாய்ப்பு இந்தியப் பெண்களுக்கு 36 ஆண்டுகள் கழித்து, 2016 ரியோவில்தான் கிடைத்தது.

ஆசியாவில் முதலிடம், உலகில் பதினொன்றாம் இடம்

1982இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பெண்கள் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றது. எலிசா நெல்சன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. அடுத்த சில மாதங்களில், 1983இல், கோலாலம்பூரில் ஐந்தாவது உலகக் கோப்பை நடந்தது. ஆசியாவில் தங்கம் வென்ற இந்தியா அங்கு 11ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

இதற்கு இரண்டு காரணங்களைக் காணலாம். முதலாவது, இரு பன்னாட்டு அமைப்புகளும் 1982இல் இணைந்துவிட்டதால் முன்பு ஒதுங்கியிருந்த இங்கிலாந்து, நியூசிலாந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள் போன்றவை இப்போது உலகக் கோப்பைக்கு வந்தன. போட்டி உண்மையான உலகப் போட்டியாகக் கடினமானது. இரண்டாவது, மேலே கூறிய ஆடுதள மாற்றம். 1974இல் இந்தியாவுக்கு உதவிய சூழ்நிலை இரண்டு வழியிலும் மறைந்துவிட்டது.

பிறகு 1986, 1990, 1994 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் இந்தியா இல்லை. 1998இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மீண்டும் இடம்பெற்றபோது, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தது. அதே ஆண்டு இறுதியில் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றது. ஆசியாவில் பதக்கம் பெறும் அணி உலகத் தொடரில் கடைசியாக நிற்பது, இங்கும் அங்கும் இருந்த பயிற்சி வசதிகளின் இடைவெளியையே காட்டுகிறது.

உலகக் கோப்பைத் தொடர்களும் இந்தியாவின் இடமும்

1974 மாண்டெலியூ: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் அர்ஜென்டினா. இந்தியா 4ஆம் இடம்.
1976 மேற்கு பெர்லின்: வாகையர் மேற்கு செருமனி, இரண்டாமிடம் அர்ஜென்டினா. இந்தியா இல்லை.
1978 மத்ரித்: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் மேற்கு செருமனி. இந்தியா 7ஆம் இடம்.
1981 புவெனஸ் அயர்ஸ்: வாகையர் மேற்கு செருமனி, இரண்டாமிடம் நெதர்லாந்து. இந்தியா இல்லை.
1983 கோலாலம்பூர்: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் கனடா. இந்தியா 11ஆம் இடம்.
1986 ஆம்ஸ்டல்வீன்: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் மேற்கு செருமனி. இந்தியா இல்லை.
1990 சிட்னி: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் ஆத்திரேலியா. இந்தியா இல்லை.
1994 டப்ளின்: வாகையர் ஆத்திரேலியா, இரண்டாமிடம் அர்ஜென்டினா. இந்தியா இல்லை.
1998 உட்ரெக்ட்: வாகையர் ஆத்திரேலியா, இரண்டாமிடம் நெதர்லாந்து. இந்தியா 12ஆம் இடம்.
2002 பெர்த்: வாகையர் அர்ஜென்டினா, இரண்டாமிடம் நெதர்லாந்து. இந்தியா இல்லை.
2006 மத்ரித்: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் ஆத்திரேலியா. இந்தியா 11ஆம் இடம்.
2010 ரொசாரியோ: வாகையர் அர்ஜென்டினா, இரண்டாமிடம் நெதர்லாந்து. இந்தியா 9ஆம் இடம்.
2014 தி ஹேக்: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் ஆத்திரேலியா. இந்தியா இல்லை.
2018 இலண்டன்: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் அயர்லாந்து. இந்தியா 8ஆம் இடம்.
2022 ஆம்ஸ்டல்வீன், தெரசா: வாகையர் நெதர்லாந்து, இரண்டாமிடம் அர்ஜென்டினா. இந்தியா 9ஆம் இடம்.

திரைப்படமும் உண்மையும்

2002 மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் சூரஜ்லதா தேவி தலைமையிலான இந்திய அணி, இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் 3-2 என்று வென்றது. வழக்கமான நேரத்தில் ஆட்டம் சமனில் முடிய, கூடுதல் நேரத்தில் மம்தா கரப் அடித்த கோல் தங்கத்தைத் தந்தது. அப்போதைய விதிப்படி கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும். 'சக் தே! இந்தியா' கதைக்குத் தூண்டுதலாக அமைந்தது இந்த வெற்றியே. அதே 2002இல் பெர்த்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு இடமே கிடைக்கவில்லை. படத்தில் கண்ட உலகக் கோப்பை வெற்றிக்குப் பின்னாலுள்ள உண்மை நிலவரம் இதுதான். 2004இல் தில்லியில் ஆசியக் கோப்பையையும் இந்தியப் பெண்கள் முதன்முறையாக வென்றனர்.

சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள்

1960களின் வீராங்கனைகள் பெரும்பாலும் நகரங்களிலிருந்து வந்தார்கள். 2000க்குப் பின் வந்தவர்களின் ஊர்ப் பெயர்கள் வேறு. அரியானாவின் சாகாபாத் மார்க்கண்டா, சார்க்கண்டின் சிம்டேகா, குந்தி மாவட்டங்கள், ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம், மணிப்பூர், மிசோரம் ஆகியவை இந்திய அணியின் நாற்றங்கால்கள் ஆயின.

சாகாபாத்தைச் சேர்ந்த இராணி ராம்பால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய தந்தை வண்டியிழுத்துப் பிழைத்தவர். 2010 ரொசாரியோ உலகக் கோப்பையில் இராணி ஆடியபோது அவருக்கு வயது 15. அத்தொடரில் ஏழு கோல்கள் அடித்து, தொடரின் சிறந்த இளம் வீராங்கனை என்ற விருதைப் பெற்றார். சார்க்கண்டின் குந்தி மாவட்டத்திலிருந்து நிக்கி பிரதானும், சிம்டேகாவிலிருந்து சலீமா தேத்தேயும் வந்தனர். வேர் மூங்கில் கழிகளை வளைத்துக் கோலாக்கி ஆடும் வழக்கமுள்ள ஊர்கள் அவை. அங்குள்ள விளையாட்டு விடுதிகளும், பின்னர் அமைந்த செயற்கைத் தளங்களும் அவர்களைப் பன்னாட்டு ஆட்டத்துக்குத் தயார் செய்தன. 2018 முதல் ஒடிசா அரசு தேசிய ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுக்கும் ஆதரவாளராக இருந்துவருகிறது.

இதன் பயனை 2018 இலண்டன் உலகக் கோப்பையில் காண முடிந்தது. இந்தியா இங்கிலாந்துடனும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடனும் 1-1 என்று சமன் செய்தது. இத்தாலியை 3-0 என்று வென்று கால் இறுதிக்குச் சென்றது. அங்கு அயர்லாந்துடன் ஆட்டம் 0-0 என்று முடிந்தது. பின்னர் நடந்த பெனால்டி ஷூட் அவுட்டில் 1-3 என்று தோற்றது. ஷூட் அவுட்டில் ஒரு வீராங்கனை 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை எடுத்துச் சென்று, கோல்கீப்பரை எட்டு விநாடிக்குள் தாண்ட வேண்டும். அந்த அயர்லாந்து அணிதான் இறுதி ஆட்டம் வரை சென்றது. 1978க்குப் பின் இந்தியா பெற்ற மிகச் சிறந்த இடமான எட்டாம் இடம் அத்தொடரில் கிடைத்தது.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா, கால் இறுதியில் ஆத்திரேலியாவை 1-0 என்று வென்றது. குர்ஜித் கவுர் பெனால்டி கார்னரில் அடித்த கோல் அது. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்றும், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரித்தானியாவிடம் 3-4 என்றும் தோற்று நான்காம் இடம் பெற்றது. மாண்டெலியூ, மாஸ்கோ, டோக்கியோ ஆகிய மூன்று இடங்களிலும் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்தது அதே நான்காம் இடம். ஆனால் மூன்றும் ஒரே அளவினவல்ல. முதலாவதில் பெரிய அணிகள் பல வரவில்லை. இரண்டாவதில் புறக்கணிப்பு இருந்தது. டோக்கியோவிலோ உலகின் முன்னணி அணிகள் அனைத்தும் இருந்தன. அந்த வகையில் டோக்கியோவின் நான்காம் இடமே மற்ற இரண்டையும்விட உயர்ந்தது.

ராஞ்சி: ஒரே மைதானம், இரண்டு முடிவுகள்

பெண்களுக்கான ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை 2010இல் தொடங்கியது. 2016இல் சிங்கப்பூரில் சீனாவை 2-1 என்று வென்று இந்தியா அதை முதன்முறையாகக் கைப்பற்றியது. 2023 அக்டோபர், நவம்பர் மாதங்களில் இத்தொடர் சார்க்கண்டின் தலைநகரான ராஞ்சியில் நடந்தது. 1928 ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பழங்குடித் தலைவர் செய்பால் சிங் முண்டாவின் பெயரைத் தாங்கிய அரங்கம் அது. நவம்பர் 5 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா 4-0 என்று சப்பானை வென்றது. கோல் அடித்தவர்களுள் ஒருவரான சங்கீதா குமாரி அதே மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

இரண்டு மாதங்கள் கழித்து, 2024 சனவரியில், பாரிசு ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று அதே அரங்கத்தில் நடந்தது. அரையிறுதியில் செருமனியிடம் ஷூட் அவுட்டில் தோற்ற இந்தியா, அடுத்த ஆட்டத்தில் சப்பானிடம் 0-1 என்று தோற்றது. நவம்பரில் நான்கு கோல் வேறுபாட்டில் வென்ற அணியிடமே சனவரியில் தோற்றதால் பாரிசுக்குச் செல்லும் வாய்ப்பு பறிபோனது.

2024 நவம்பரில் பீகாரின் ராஜ்கீரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில், சலீமா தேத்தே தலைமையிலான அணி மீண்டும் வாகை சூடியது. அதே ஆண்டு பாரிசில் வெள்ளிப் பதக்கம் வென்றிருந்த சீனாவை இறுதி ஆட்டத்தில் 1-0 என்று வென்றது. கோல் அடித்த தீபிகா, தொடரில் மொத்தம் 11 கோல்களுடன் முதலிடம் பெற்றார்.

தமிழ்நாட்டின் நிலை

தமிழ்நாட்டுக்கு ஹாக்கியில் நீண்ட மரபு உண்டு. சென்னை எழும்பூரிலுள்ள மேயர் இராதாகிருட்டிணன் அரங்கம் 1996, 2005 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன்ஸ் கோப்பையையும், 2007இல் ஆசியக் கோப்பையையும், 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையையும் நடத்தியது. 2025இல் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இவை அனைத்தும் ஆண்களுக்கான தொடர்கள். ஹாக்கிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியிலிருந்து மாரீசுவரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து கார்த்தி செல்வமும் அண்மைக் காலத்தில் இந்திய ஆண்கள் அணிக்குச் சென்றனர். 2018, 2022 உலகக் கோப்பைகளில் ஆடிய பெண்களின் ஊர்களைப் பார்த்தால் அரியானா, சார்க்கண்ட், ஒடிசா, பஞ்சாப், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவையே முன்னிற்கின்றன.

இக்கட்டுரையை எழுதுபவன் தருமபுரி மாவட்டத்தின் ஏரியூர்ப் பகுதியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதிப் பள்ளி மைதானங்களில் கபடி, கோ-கோ, எறிபந்து ஆடும் பெண் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஓட்டத்திலும் துணிவிலும் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் ஹாக்கிக் கோலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஆட்டத்தை விட்டுவிடுகிறவர்களே அதிகம். சிம்டேகாவும் எங்கள் பகுதியைப் போலக் காடும் மலையும் சூழ்ந்த, மழையை நம்பிய வேளாண்மை நடக்கும் பகுதிதான். வேறுபாடு பிள்ளைகளின் உடலில் இல்லை. அங்கு கோல் கையில் கிடைத்தது, விடுதி கிடைத்தது, பின்னர் தளமும் கிடைத்தது.

ஐவர் ஹாக்கி: ஒரு சிறிய வாய்ப்பு

முழு அளவு ஹாக்கித் தளம் ஏறத்தாழ 91 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரு பக்கத்துக்கு 11 பேர் வேண்டும். ஒவ்வொரு சிற்றூர்ப் பள்ளியிலும் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பக்கத்துக்கு ஐந்து பேர் மட்டும் ஆடும் ஐவர் ஹாக்கி இப்போது பன்னாட்டு அளவில் நடத்தப்படுகிறது. இதற்குப் பாதியளவு இடம் போதும்.

பெண்களுக்கான முதல் ஐவர் ஹாக்கி உலகக் கோப்பை 2024 சனவரியில் ஓமன் நாட்டின் மசுகட் நகரில் நடந்தது. இந்திய அணி அதில் இறுதி ஆட்டம் வரை சென்றது. இறுதியில் நெதர்லாந்து 7-2 என்று வென்றது. பாரிசு வாய்ப்பு ராஞ்சியில் கைநழுவிய சில நாட்களிலேயே கிடைத்த இந்த இரண்டாம் இடம் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்படவில்லை. பதினொருவர் ஆடும் உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் ஒருமுறைகூட இறுதி ஆட்டத்தைத் தொட்டதில்லை என்பதை எண்ணினால் இதன் மதிப்பு விளங்கும்.

மதிப்பீடு

பெண்கள் உலகக் கோப்பையில் இந்தியாவின் வரலாற்றை வெறும் வீழ்ச்சி என்று கூறுவது பொருந்தாது. 1974இன் நான்காம் இடம் சிறிய போட்டியில் பெற்றது. 1983க்குப் பின் போட்டி விரிந்தது, ஆடுதளம் மாறியது, வசதியற்ற அணி பின்தங்கியது. 2018க்குப் பின் வசதி ஓரளவு வந்ததும் அதே அணி எட்டாம் இடத்துக்கும், ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கும் ஏறியது. விடுதியும் தளமும் அமைந்த மாவட்டங்களிலிருந்தே வீராங்கனைகள் வந்தனர் என்பதை அணிப் பட்டியல்களே சொல்கின்றன.

பதினாறாவது உலகக் கோப்பையை 2026இல் நடத்தும் பொறுப்பு நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் கூட்டாக வழங்கப்பட்டுள்ளது. மாண்டெலியூவில் ஆடிய வீராங்கனைகள் இன்று பாட்டிமார் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் பெற்ற இடத்தைத் தாண்டும் அணியில் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண் ஒருத்தியும் இருக்க வேண்டுமானால், அதற்கான தொடக்கம் ஏதேனும் ஒரு பள்ளியின் மண் மைதானத்தில், பத்துக் கோல்களும் ஒரு பந்தும் வாங்கி வைப்பதில்தான் இருக்கிறது.